லாஜிடெக் ரேடியோ பேனல்: எல்லாம் சரி, ஆறாவது இலக்கம் எங்கே?

ஃப்ளைட் சிமுலேட்டருக்குச் செலவு செய்கிறவர்கள் முதலில் ஜாய்ஸ்டிக் வாங்குவார்கள், பிறகு ரட்டர் பெடல், கையில் இன்னும் காசு மிஞ்சினால் யோக். ரேடியோவுக்கு மட்டும் கடைசிவரை மவுஸ்தான். திரையில் தெரியும் சின்னத் திருகின் மேல் அம்புக்குறியைப் பிடித்து நிறுத்தி, 118.100 என்ற அலைவரிசை வரும்வரை உருட்டி முடிப்பதற்குள் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து இருநூறு அடி இறங்கியிருக்கும். இதற்கு மருந்தாகப் பல வருடமாகச் சந்தையில் இருக்கும் பெட்டி லாஜிடெக் ஃப்ளைட் ரேடியோ பேனல். முன்பு சைடெக் என்ற பெயரில் விற்ற அதே சாமான்தான். 2016இல் சைடெக்கை லாஜிடெக் வாங்கியது. பெயர் மாறியது, பெட்டியின் அமைப்பு மாறவில்லை.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. பொழுதுபோக்குக்குப் பறக்கிறவர்கள் ஒரு வகை. விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டு ஆர்.டி.ஆர். எனப்படும் ரேடியோ தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு இது மிகவும் பயன்படும். முதல் வகைக்கு, எந்த விமானத்தை ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏன் என்று கீழே சொல்கிறோம்.

பெட்டியில் இருப்பது

ஒரே மாதிரியான இரண்டு வரிசைகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொரு வரிசையிலும் ஏழு நிலைகள் கொண்ட ஒரு தேர்வுத் திருகு: காம் 1, காம் 2 (பேச்சு ரேடியோ), நாவ் 1, நாவ் 2 (வழிகாட்டி ரேடியோ), ஏ.டி.எஃப். (திசைகாட்டும் பழைய முறை), டி.எம்.இ. (தூரம் அளப்பது), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு அடையாள எண் அனுப்புவது). அதையடுத்து இரண்டு எண் காட்சிகள். இடது பக்கம் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஆக்டிவ் அலைவரிசை, வலது பக்கம் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை அலைவரிசை. இரண்டையும் இடம் மாற்ற ஒரு பொத்தான். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைத் திருகு: வெளி வளையம் மெகாஹெர்ட்ஸை மாற்றும், உள் திருகு கிலோஹெர்ட்ஸை மாற்றும். மின்சாரமும் தரவும் யு.எஸ்.பி. வழியாகவே போகின்றன, தனி அடாப்டர் கிடையாது.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். ஒலி கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் இல்லை. எந்த ரேடியோவில் பேசுகிறோம், எதைக் கேட்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் ஆடியோ பேனல் இல்லை. பேசும் பொத்தானும் இல்லை, அதை ஜாய்ஸ்டிக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிஜ விமானத்தில் “ரேடியோ வேலை செய்யவில்லை” என்று பயிற்சி மாணவர் பதறும் நேரங்களில் பலமுறை குற்றவாளி இந்த இல்லாத சாமான்கள்தான்: ஒலி முழுக்கக் குறைந்திருக்கும், அல்லது மைக் தேர்வு காம் 2இல் இருக்கும், கை காம் 1இல் அலைவரிசை போட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பாடத்தை இந்தப் பெட்டி நடத்தாது.

அது நன்றாக நடத்தும் பாடம் ஒன்று உண்டு, பெட்டிக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான். ஆக்டிவ் பக்கத்தில் கை வைக்காமல் ஸ்டாண்ட்பையில் எண்ணை ஏற்றி, கண்ணால் சரிபார்த்து, பிறகு பொத்தானை அழுத்தும் பழக்கம்.

ஸ்டாண்ட்பையின் அருமை

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் புது அலைவரிசை சொல்கிறார் என்றால் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். எண்ணைத் திருப்பிச் சொல்லும்போதே விரல் வெளி வளையத்தில் இருக்கட்டும். முதலில் மெகாஹெர்ட்ஸ், அடுத்து கிலோஹெர்ட்ஸ். ஏற்றிய எண்ணையும் காதில் விழுந்த எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் பேசத் தொடங்காமல் இரண்டு மூன்று வினாடி காது கொடுங்கள், அங்கே வேறொருவர் பாதிப் பேச்சில் இருக்கலாம். பேசும் பொத்தானை அழுத்தி அரை வினாடி விட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் அழைப்புக்குறியின் முதல் பகுதி காற்றோடு போய்விடும், அந்தப் பக்கம் கேட்பவருக்கு யார் பேசியது என்றே தெரியாது.

பொத்தானை அழுத்தியதும் பழைய அலைவரிசை அழிந்துபோவதில்லை, ஸ்டாண்ட்பைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. புது இடத்தில் இருமுறை கூப்பிட்டும் பதில் இல்லையா, ஒரே அழுத்தில் பழைய கன்ட்ரோலரிடம் திரும்பிப் போய் எண்ணை மறுபடி கேட்டுக்கொள்ளலாம். ஆக்டிவ் எண்ணையே நேரடியாகத் திருகி மாற்றியவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அதனால் புது இடத்தில் தொடர்பு உறுதியாகும்வரை ஸ்டாண்ட்பையைத் தொடாமல் விட்டுவைப்பது நல்லது. அடுத்த அலைவரிசையை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஆர்வத்தில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

திருகுவதிலும் ஒரு சிக்கனம் உண்டு. 118.100இலிருந்து 127.900க்குப் போக வேண்டும் என்று வையுங்கள். வெளி வளையம் முன்னோக்கி 9 சொடுக்கு. உள் திருகை 25 கிலோஹெர்ட்ஸ் படியில் முன்னோக்கிப் போனால் 32 சொடுக்கு, பின்னோக்கிப் போனால் 8தான். பெரும்பாலான ரேடியோக்களில் கிலோஹெர்ட்ஸ் பகுதி பூஜ்யத்தைத் தாண்டிச் சுற்றிக்கொள்ளும், மெகாஹெர்ட்ஸ் அசையாது. வெளி வளையமும் அப்படித்தான்: 134இலிருந்து 119க்குப் பின்னோக்கி 15 சொடுக்கு, முன்னோக்கி 135, 136, 118, 119 என்று நாலே சொடுக்கு. சில விமான மாடல்கள் மட்டும் இந்தச் சுற்றை ஏற்காமல் ஓரத்தில் நின்றுவிடும். ஓட்டும் மாடலைத் தரையில் வைத்தே ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

தேர்வுத் திருகு நாவ் 1இல் இருப்பதை மறந்து டவர் எண்ணைத் தேடுவது இந்தப் பேனலில் அடிக்கடி நடக்கும் கூத்து. எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 108 முதல் 117 வரை என்றால் நாவ், 118 முதல் 136 வரை என்றால் காம். வெளி வளையத்தை எவ்வளவு சுற்றியும் 118 வரவில்லை என்றால் பெட்டியில் பழுது தேடாதீர்கள், தேர்வுத் திருகைப் பாருங்கள். நாவ் பக்கத்தில் படி 50 கிலோஹெர்ட்ஸ். 108.10, 108.15, 110.30 என்று புள்ளிக்கு அடுத்த இலக்கம் ஒற்றைப்படையாக, 112க்குக் கீழே இருந்தால் அது ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ். லோகலைசருக்கு உரியது. திசைகாட்டும் தரை நிலையமான வி.ஓ.ஆரின் எண் போட வேண்டிய இடத்தில் இப்படி ஒன்று நிற்கிறதா என்று பார்த்தாலே பாதித் தவறுகள் பிடிபட்டுவிடும்.

மேல் வரிசையைக் காம் 1க்கே நிரந்தரமாக விட்டுவிடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. கீழ் வரிசையைப் புறப்படும் முன் நாவ் 1க்குத் திருப்பி வழிகாட்டி நிலையங்களை ஏற்றிவிட்டு, பிறகு காம் 2க்குக் கொண்டுவந்து ஆக்டிவில் 121.5 வையுங்கள். அது அவசர அலைவரிசை, காதோரம் கேட்டுக்கொண்டிருப்பது நிஜ விமானிகளின் வழக்கமும்கூட.

டிரான்ஸ்பாண்டர் நிலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு இலக்கம், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை, ஆக மொத்தம் 4096 குறியீடுகள். எண்ணைத் திருகிக் கொண்டுபோகும் வழியில் 7500, 7600, 7700 மூன்றையும் ஒரு நொடிகூடக் காட்டாமல் இருக்கப் பழகுங்கள். முறையே கடத்தல், ரேடியோ செயலிழப்பு, அவசரநிலை. டி.எம்.இ. நிலையில் தூரம் தெரியும், பார்த்துக்கொள்ளலாம். ஏ.டி.எஃப். நிலையைத் தொடும் நாள் அபூர்வம்.

ஆறாவது இலக்கம்

இனிக் குறை. காட்சியில் ஐந்து இலக்கத்துக்குத்தான் இடம். விலையும் ஐந்து இலக்கம்தான் என்று வைத்துக்கொண்டு மனதைத் தேற்றலாம், ஆனால் விமான ரேடியோவின் எண் ஆறு இலக்கம். 118.125 என்பது இந்தப் பெட்டியில் 118.12 என்று தெரியும். கடைசி இலக்கம் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பறக்கிறவருக்கு இதனால் குழப்பம் இல்லை. 118.000 முதல் 136.975 வரை 760 சானல்கள். புள்ளிக்குப் பின் கடைசி இரண்டு இலக்கம் 00, 25, 50, 75 நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். காட்சியில் இரண்டில் முடிந்தால் 25, ஏழில் முடிந்தால் 75, மற்றவை 00 அல்லது 50. கண் இரண்டு நாளில் பழகிவிடும்.

8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கு வந்தால் கதை வேறு. நெரிசல் தாங்காமல் ஐரோப்பா ஒவ்வொரு 25 கிலோஹெர்ட்ஸ் துண்டையும் மூன்றாகப் பிளந்தது. அந்த மூன்றுக்கும் 005, 010, 015 என்று முடியும் எண்கள், பழைய அகலச் சானலுக்கு 000 என்ற எண். ஆக ஒரு துண்டுக்கு நாலு பெயர், 100 கிலோஹெர்ட்ஸுக்குள் 16 பெயர். ஐந்து இலக்கக் காட்சியால் அந்த 16ஐப் பத்தாகத்தான் காட்ட முடியும். 118.02 என்றால் 118.025 மட்டுமே, ஏனென்றால் 118.020 என்றொரு சானல் கிடையாது. அதேபோல 04, 07, 09 என்று முடிவனவற்றுக்கும் ஒரே பொருள்தான். ஆனால் 118.00 என்று தெரிந்தால் அது 118.000ஆ 118.005ஆ தெரியாது. 01, 03, 05, 06, 08 எல்லாவற்றுக்கும் இதே இழுபறி. உள் திருகை ஒரு சொடுக்கு நகர்த்துகிறீர்கள், காட்சி அசையவில்லை, திருகு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வரும். கெடவில்லை, மறைந்த இலக்கம் நகர்ந்திருக்கிறது. அப்போது சிம் திரையில் உள்ள ரேடியோவைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். திரையைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பெட்டி எதற்கு என்று கேட்பவர்களிடம் எங்களுக்குப் பதில் இல்லை.

ஐரோப்பாவில் பறப்பதுதான் விருப்பம் என்றால் இந்த ஒரே காரணத்துக்காக இதைத் தவிர்க்கலாம். சென்னை, திருப்பதி, பெங்களூரு வட்டத்துக்குள் பறக்கிறவர்கள் சிம்மில் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உறுத்தல் போய்விடும்.

நிறுவும்போது வரும் வம்புகள்

சொருகியவுடன் காட்சி இருண்டு கிடந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சிம் திறந்து, அதோடு பெட்டியை இணைக்கும் துணை மென்பொருளான பிளகின் ஓடத் தொடங்கும்வரை இந்தப் பெட்டிக்கு எதைக் காட்டுவது என்று தெரியாது. டிரைவரை முதலில் நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பி, பிறகு சொருகுவது பிரச்சினை குறைந்த வழி.

அடுத்தது நடுவில் செத்துப்போவது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், திடீரென்று எண்கள் உறைந்து நிற்கும் அல்லது அணைந்துவிடும். பிடுங்கிச் சொருகினால் சரியாகும். காரணம் பெரும்பாலும் பெட்டி இல்லை, விண்டோஸ். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யு.எஸ்.பி. துளையைத் தூங்க வைத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி. ரூட் ஹப்பையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்துங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும். கன்ட்ரோல் செட் கிளையில் எனம், அதற்குள் யு.எஸ்.பி., அங்கே வி.ஐ.டி. 06ஏ3, பி.ஐ.டி. 0டி05 என்று இருப்பதுதான் இந்தப் பேனல். அதன் டிவைஸ் பாராமீட்டர்ஸில் என்ஹான்ஸ்டு பவர் மேனேஜ்மென்ட் எனேபிள்டு என்ற மதிப்பு 1 என்று இருக்கும், 0 ஆக்குங்கள். பெட்டியை வேறு துளைக்கு மாற்றிச் சொருகினால் விண்டோஸ் புதிதாக ஒரு பதிவு போடும், அங்கேயும் இதே வேலையைச் செய்ய வேண்டும். அதனால் ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே விட்டுவிடுவது மேல். ரெஜிஸ்ட்ரியைத் தொடுமுன் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறோம்.

ஹப் வைத்திருப்பவர்கள் தனி அடாப்டர் உள்ள ஹப்பாக வாங்குங்கள். சாதாரண ஹப் கணினியின் ஒரே துளையிலிருந்து மின்சாரம் எடுத்துப் பங்கு போடும். யு.எஸ்.பி. 2 துளை தருவது 500 மில்லிஆம்பியர்தான். அதில் யோக், பெடல், இந்தப் பேனல், மவுஸ் எல்லாம் தொங்கினால் முதலில் மங்குவது பேனலின் காட்சி. ஏப்ரல், மே மாதங்களில் மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத தெருக்களில் டெஸ்க்டாப் கணினிக்கு யு.பி.எஸ். இருந்தால் இந்த ஹப்பின் அடாப்டரையும் அதிலேயே கொடுத்துவிடுங்கள். கணினி உயிரோடு இருந்து ஹப் மட்டும் அணைந்து எழுந்தால் பிளகின் பெட்டியை மறுபடி அடையாளம் காணாமல் நிற்கும்.

மென்பொருள் விஷயத்தில் எங்கள் கருத்து சற்றுக் கடுமையானது. நிறுவனத்தின் பிளகின் அடிப்படை வேலையைச் செய்யும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்-பிளேன் ஓட்டுகிறவர்களுக்கு எக்ஸ்சைடெக்பேனல்ஸ் என்ற பிளகின் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஸ்பேட் நெக்ஸ்ட் என்ற கட்டண மென்பொருளும் ஆக்ஸிஸ் அண்ட் ஓஸ் என்பதும் உண்டு. ஸ்பேட் நெக்ஸ்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துத்தான் பெட்டியின் விலையாகக் கணக்குப் போட வேண்டும் என்போம். அதை நிறுவினால் நிறுவனத்தின் டிரைவரை முடக்கிவிடுங்கள். இரண்டு மென்பொருள்கள் ஒரே பெட்டியைப் பிடித்துக்கொண்டால் ஒரு சொடுக்குக்கு இரண்டு படி தாவும், எண் மின்னி மின்னி மாறும். திருகு கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த இரட்டைப் பிடியால் வருபவை.

மென்பொருளால் வேறொரு பிரச்சினையும் உண்டு. சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172 போன்ற விமானங்களில் பேனல் உடனே வேலை செய்யும். கூடுதலாக வாங்கும் ஏ320 போன்ற நுணுக்கமான விமானங்கள் தங்கள் ரேடியோவைத் தங்கள் வழியில் எழுதிக்கொள்கின்றன, சிமுலேட்டரின் பொதுவான காம் 1 கட்டளைக்குச் செவிசாய்க்காது. அந்த விமானத்துக்கென்று யாராவது எழுதிய ப்ரொஃபைல் ஸ்பேட் நெக்ஸ்டில் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு ஆர்டர் போடுங்கள். ஏர்பஸ் மட்டுமே ஓட்டுவேன் என்பவருக்கு இது தேவையில்லாத செலவு.

அப்துல்லாபுரத்திலிருந்து ஒரு பயிற்சி

நம்ம ஊர் விமான நிலையம் அப்துல்லாபுரத்தில் இருக்கிறது, குறி வி.ஓ.வி.ஆர். மத்திய அரசின் சிறு நகர விமானச் சேவைத் திட்டமான உடானில் சேர்க்கப்பட்டது. சிம்மில் அங்கிருந்து கிளம்பி மீனம்பாக்கத்தில் இறங்குவது இந்தப் பேனலைப் பழக அருமையான தூரம். நேர்கோட்டில் சுமார் 64 நாட்டிகல் மைல், கிழக்குக்குச் சற்று வடக்கே. செஸ்னா 172இல் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாதையின் வடக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 முதல் இயங்கும் தளம், பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்களின் வீடு. நிஜத்தில் அந்த வான்வெளிக்குள் அனுமதி இல்லாமல் மூக்கை நுழைக்க முடியாது, சிம்மிலும் சுற்றிப் போகப் பழகுவதே மரியாதை.

அலைவரிசைகளைச் சிம் காட்டும் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், பழையதாக இருக்கலாம். இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடும் ஏ.ஐ.பி. என்ற விமானத் தகவல் ஏடு இணையத்தில் இலவசம். அதில் வி.ஓ.எம்.எம். (மீனம்பாக்கத்தின் குறி) பக்கத்தைத் திறந்து, ஏ.டி. 2.18 என்ற பகுதியில் பேச்சு அலைவரிசைகள், 2.19இல் வழிகாட்டி நிலையங்கள். டவர் 118.1 என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் ஒருமுறை அங்கே பார்த்துவிட்டே கிளம்பட்டும்.

விமான ரேடியோவின் வி.எச்.எஃப். அலை மலையைத் துளைக்காது, பூமியின் வளைவைத் தாண்டாது. அடியில் உயரத்தை எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கினால் எத்தனை நாட்டிகல் மைல் எட்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். 64 மைலுக்கு அப்பால் உள்ள மீனம்பாக்கம் காதில் விழ ஏறத்தாழ 2700 அடி வேண்டும். அங்குள்ள ஆன்டெனாவின் உயரத்தைச் சேர்த்தால் கொஞ்சம் குறையலாம், வழியில் குன்று இருந்தால் கூடும். ஆகவே வேலூர் ஓடுபாதையில் நின்றபடி சென்னையைக் கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்றால் பேனலைத் தட்டிப் பார்க்க வேண்டாம். நிஜப் பறத்தலிலும் இதுவே விதி. சிம் ஓட்டுகிறவர்களும் கன்ட்ரோலர்களும் இணையம் வழியாகச் சேரும் வாட்சிம் வலையமைப்பில் 2019 முதல் இருக்கும் குரல் அமைப்பும் உயரத்தையும் தூரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் ஒலியை விடுகிறது.

வாட்சிமில் பறக்கும்போதுதான் இந்தப் பெட்டிக்கு மதிப்பு கூடுகிறது. அங்கே அந்தப் பக்கம் பேசுவது மனிதர். சென்னையில் யாரும் இல்லாத நேரத்தில் 122.800இல் சுற்றியுள்ள விமானங்களுக்கு உங்கள் நிலையைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கன்ட்ரோலர் வந்து உங்களை அழைத்தால் அலைவரிசை மாற வேண்டும். கூட்டம் உள்ள மாலையில் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மாற்றம்கூட வரும், மவுஸ் வைத்திருப்பவர் திணறும் இடம் அது. ‘கான்டாக்ட்’ என்று சொன்னால் போய்ப் பேச வேண்டும், ‘மானிட்டர்’ என்று சொன்னால் போய்க் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் அலைவரிசையை அடைப்பவர்கள் அங்கே ஏராளம்.

ஆர்.டி.ஆர். படிக்கிறவர்களுக்கு: எண்ணைச் சொல்லும் முறையைப் பெட்டியோடு சேர்த்தே பழகுங்கள். கடைசி இரண்டு இலக்கமும் பூஜ்யம் என்றால் நாலு இலக்கம் போதும், 118.100க்கு ‘ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஒன்’. இல்லையென்றால் ஆறையும் சொல்ல வேண்டும், 118.025க்கு ‘ஒன் ஒன் எய்ட் டெசிமல் ஸீரோ டூ ஃபைஃப்’. பெட்டியில் 118.02 என்று தெரிவதைப் பார்த்து அப்படியே படித்துவிட்டால் தேர்வாளர் முன்னால் தலை குனிய வேண்டியதுதான். ஐந்து இலக்கக் காட்சி உண்டாக்கும் கெட்ட பழக்கம் இது ஒன்றே, முதல் நாளிலிருந்தே விழிப்பாக இருங்கள்.

பேனல் வாங்கும் காசில் கையடக்க விமான ரேடியோ ஒன்றை வாங்கி நிஜப் பேச்சையே கேட்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். உரிமம் இல்லாமல் அப்படி ஒரு கருவியை வைத்திருப்பது வம்பு, அதில் பேசுவது குற்றம். விமான ரேடியோ ஏ.எம். முறையில் இயங்குவது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கீச்சென்று ஒலிக்கும், யாரோ குறுக்கே வந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு அது உதவுகிறது. விளையாட்டாக ஒருவர் பொத்தானை அழுத்தினால் இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்துக்கு வர வேண்டிய சொல் அந்தக் கீச்சில் போய்விடும்.

நீங்களே செய்யலாமா

சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எஞ்சினியரிங் மாணவர்கள் இந்தப் பெட்டியை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஓர் ஆர்டுயினோ மெகா 2560, திருகு சுற்றுவதை எண்ணும் இசி11 சுழல் என்கோடர் இரண்டு, எட்டு இலக்க மேக்ஸ்7219 காட்சிப் பலகை இரண்டு, ஒரு அழுத்துப் பொத்தான், கொஞ்சம் ஜம்பர் வயர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் கிடைக்கும். என்கோடரின் நடுக்கால் கிரவுண்டுக்கு, ஓரக்கால் இரண்டும் இரண்டு டிஜிட்டல் பின்னுக்கு. காட்சிப் பலகைக்கு ஐந்து வோல்ட், கிரவுண்ட், மூன்று தரவுக் கம்பி. மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள் ஆர்டுயினோவுக்கு வேண்டிய நிரலைத் தானே ஏற்றிவிடும், நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். ஆறு இலக்கமும் பளிச்சென்று தெரியும். ஒன்றுக்குள் ஒன்றான இரட்டைத் திருகு மட்டும் கிடைப்பது கடினம், இரண்டு தனித் திருகுகளை மேலும் கீழுமாக வைத்துச் சமாளிக்கலாம். எண் பின்னோக்கி ஓடினால் ஓரக்கால் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள்.

கையால் செய்ய நேரம் இல்லாதவர்கள், பழைய பேனல் ஒன்று மலிவாகக் கிடைத்தால் யோசிக்கலாம். புதிதோ பழையதோ, தேய்வது முதலில் இரட்டைத் திருகின் என்கோடர்தான். விற்பவர் வீட்டிலேயே சிம்மில் சொருகிப் பாருங்கள். வெளி வளையத்தை 118இலிருந்து 136 வரை மெதுவாக, சொடுக்கு எண்ணி ஏற்றுங்கள். 18 சொடுக்கில் போய்ச் சேர வேண்டும். பிறகு அதே போல இறக்குங்கள். நடுவில் ஒரு எண் முன்னும் பின்னுமாகக் குதித்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. வேகமாகச் சுற்றும்போது தாவுவது மென்பொருளின் முடுக்க அமைப்பாக இருக்கலாம், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு திருகுகளையும், இரண்டு வரிசைகளிலும் ஏழு நிலைகளையும் சோதியுங்கள். தூசிதான் என்றால் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மின்னணுச் சாதனங்களுக்கான கான்டாக்ட் கிளீனரைத் திருகின் தண்டோரம் சிறிது அடித்து, இருபது முப்பது முறை சுற்றி, நன்றாகக் காயவிட்டுச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பூட்டுக்கும் கதவுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள், அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும். கிளீனருக்கும் அடங்காத குதிப்பு என்றால் என்கோடரையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.